பிணையல், முட்டை, குட்டி: வீட்டருகே பாம்பு பெருகும் காலத்தில் என்ன செய்வது

"அக்கா, நல்ல பாம்பும் சாரையும் பின்னிக்கிட்டு நிக்குது, சீக்கிரம் வாங்க."

வருடத்துக்கு ஏழெட்டு தடவையாவது இந்த அழைப்பு எனக்கு வரும். வனத்துறை அனுமதியோடு, வீடுகளுக்குள் புகும் பாம்புகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் விடும் வேலையைப் பதினேழு வருடங்களாகச் செய்கிறேன். இப்படி ஓடிப்போய்ப் பார்த்த எந்த இடத்திலும் நல்ல பாம்பும் சாரையும் சேர்ந்து இருந்ததே இல்லை. இரண்டுமே சாரைதான். அதிலும் இரண்டுமே ஆண்.

சில இடங்களில் நான் போவதற்குள் இரண்டையும் அடித்துப் போட்டிருப்பார்கள். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு தோப்பில் அப்படித்தான், ஏழடிக்குக் குறையாத இரண்டு சாரைகள் தலை நசுங்கிக் கிடந்தன. விஷமே இல்லாத, எலி தின்று பிழைக்கும் பாம்புகள். அடித்தவர் கெட்ட மனிதர் இல்லை. "விட்டா ரெண்டும் சேர்ந்து விஷச்சாரை பொறந்துடும்னு சொன்னாங்கம்மா" என்றார். அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பார்த்தவரை, பாம்பு மனிதர் கண்ணில் அதிகம் படுவது இரண்டு சமயங்களில். ஒன்று, இணை தேடி அலையும்போது. இன்னொன்று, குட்டிகள் வெளிவந்து நாலா பக்கமும் சிதறும்போது. நம்மிடையே உலவும் கதைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் பற்றியவைதான். கண்ணெதிரே நடப்பது என்னவென்று புரிந்துவிட்டால், அடுத்து என்ன செய்வது என்பதும் பிடிபட்டுவிடும்.

நிமிர்ந்து நின்றால் சண்டை, படுத்துக் கிடந்தால் கலவி

இரண்டு பாம்புகள் கயிறு முறுக்கியதுபோலப் பின்னி, உடம்பின் முன்பகுதியைத் தரையிலிருந்து உயர்த்தி, ஒன்றின் தலையை மற்றொன்று கீழே அழுத்தப் பார்த்தால் அது மல்யுத்தம். பக்கத்தில் எங்கோ ஒரு பெண் இருக்கும். அதற்காக இரண்டு ஆண்கள் பலம் பார்க்கின்றன. பெரும்பாலும் கடித்துக்கொள்வதில்லை. தலையைத் தரையில் அழுத்திவிட்டால் வெற்றி. தோற்றது விலகிப் போய்விடும். சில நிமிடங்களில் முடிவதும் உண்டு, ஒரு மணி நேரம் இழுப்பதும் உண்டு.

உண்மையான கலவி பார்ப்பதற்கு இவ்வளவு கம்பீரமாக இருக்காது. பெண் தரையோடு தரையாகக் கிடக்கும், அல்லது மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஆண் அதன் முதுகின்மேல் படர்ந்து, தாடையால் முதுகைத் தடவியபடியே முன்னேறும். கடைசியில் வால்கள் மட்டும் பின்னிக்கொள்ளும். மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். பலர் இதைப் பார்த்தும் இன்னதென்று தெரியாமல் கடந்து போயிருப்பார்கள்.

அப்புறம் ஏன் எல்லோரும் நல்ல பாம்பைப் பார்த்ததாகவே சொல்கிறார்கள்? சாரையின் நிறம்தான் காரணம் என்று நினைக்கிறேன். வெளிர் மஞ்சளில் ஒன்று இருக்கும், கரும்பழுப்பில் ஒன்று இருக்கும். கறுத்தது நாகம், வெளுத்தது சாரை என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. போதாததற்கு, மிரண்ட சாரை கழுத்தை உப்பிக் காட்டும். அது படம் அல்ல. நல்ல பாம்பின் படம் இடவலமாக விரியும், சாரையின் கழுத்து மேலும் கீழுமாகப் புடைக்கும்.

சாரைதான் ஆண், நாகம்தான் பெண் என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். நல்ல பாம்பிலேயே ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. சாரையிலும் அப்படித்தான். அவை இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் எலாப்பிடே குடும்பம், சாரை கொலுப்ரிடே குடும்பம். இவற்றுக்குள் இணைசேர்ந்து குட்டி பிறக்க வழியே இல்லை. இன்னும் சொன்னால், நல்ல பாம்பு மற்ற பாம்புகளையும் தின்னும். சாரை அதற்கு இரையாகலாம், துணையாக முடியாது.

சரி, பிணையலைப் பார்த்தால் என்ன செய்வது? பதினைந்து இருபதடி தள்ளி நின்றுகொள்ளுங்கள். குழந்தைகளையும் நாயையும் வீட்டுக்குள் விடுங்கள். முடியும்வரை பார்க்கலாம், படம் எடுக்கலாம். பார்த்தவரைத் துரத்தி வந்து கொத்தும் என்பது பொய். அந்த நேரத்தில் அவற்றின் கவனமெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றுதான். முடிந்ததும் தாமாகப் போய்விடும், என்னைக் கூப்பிட வேண்டிய தேவைகூட இல்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். புதுத்துணியை மேலே போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தால் செல்வம் சேரும் என்ற நம்பிக்கையில் கிட்டே போகாதீர்கள். "ரெண்டும் சாரைதானே, இவங்களே எழுதியிருக்காங்களே" என்றும் போக வேண்டாம். நல்ல பாம்பின் ஆண்களும், கண்ணாடி விரியனின் ஆண்களும் இதேபோல மல்லுக்கட்டும். தூரத்திலிருந்து உங்களால் பிரித்துச் சொல்ல முடியாமல் போகலாம்.

'பழிவாங்க' வரும் ஜோடி

இந்தக் கதையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் சொல்பவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஒரு பாம்பை அடித்தார்கள், இரண்டு நாளில் அதே இடத்தில் இன்னொன்று வந்தது. வந்தது உண்மை. காரணம்தான் வேறு.

இணைசேரத் தயாரான பெண் பாம்பு ஊர்ந்த வழியெல்லாம் தோலிலிருந்து ஒரு வாசனையை விட்டுச் செல்லும். ஆண் நாக்கை நீட்டி நீட்டி அந்த வாசனையைப் பிடித்தபடி பின்னாலேயே வரும். நீங்கள் அடித்தது அந்தப் பெண்ணாக இருந்தால், ஆண் வந்து நிற்கும் இடம் உங்கள் வாசல்தான். அதற்கு யார் அடித்தார்கள் என்று தெரியாது, முகத்தை நினைவில் வைக்கவும் தெரியாது. பாம்புகள் ஜோடியாக வாழ்பவையும் அல்ல. இணைசேர்ந்ததும் ஆண் அதன் வழியே போய்விடும்.

பெண்ணிடம் இன்னொரு ஆச்சரியம் உண்டு. பல வகைப் பாம்புகளில் பெண் ஆணின் விந்தணுவை உடம்புக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். தனியாக அடைபட்ட பெண் பாம்பு முட்டையிடுவதை "தெய்வச் செயல்" என்று காட்டுவது பெரும்பாலும் இதனால்தான்.

முட்டைக்கும் மேல் கீழ் உண்டு

எல்லாப் பாம்பும் முட்டையிடாது. நம்மிடம் ஆளைக் கொல்லும் நான்கு பாம்புகளில் நல்ல பாம்பும் கட்டுவிரியனும் முட்டையிடும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் குட்டி போடும். குட்டி போடுபவை எல்லாம் விரியன் என்றும் எண்ண வேண்டாம். பச்சைப் பாம்பும் மண்ணுளிப் பாம்பும்கூடக் குட்டி போடுபவைதான்.

நல்ல பாம்பு பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூலை வரை முட்டையிடும். பத்திலிருந்து முப்பது வரை இருக்கும். எலிவளை, கரையான் புற்று, மரப்பொந்து, செங்கல் குவியல் என்று வெப்பமும் ஈரமும் அதிகம் மாறாத இடம் எதுவானாலும் அதற்குப் போதும். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்ததாகச் சொல்கிறோமே, அந்தப் பழமொழி அறிவியலுக்குச் சரியாக ஒத்துப்போகிறது. பாம்புக்குப் புற்று கட்டத் தெரியாது. நம் நாட்டில் கூடு கட்டும் பாம்பு ஒன்றே ஒன்றுதான், மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் இருக்கும் ராஜநாகம். பெண் ராஜநாகம் உடம்பை வளைத்துச் சருகுகளைக் கூட்டிக் குவித்து, நடுவில் முட்டையிட்டு, மேலேயே காவல் கிடக்கும். 2024ல் ஆய்வாளர்கள் ராஜநாகத்தை நான்கு இனங்களாகப் பிரித்தபோது, மேற்குத்தொடர்ச்சி மலையில் இருப்பதற்கு ஓபியோபேகஸ் காளிங்கா என்று பெயர் வைத்தார்கள்.

புற்றில் பால் ஊற்றுபவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. பாம்புக்குப் பால் உணவல்ல, அதைச் செரிக்கும் உடம்பும் அதற்கில்லை என்று மட்டும் சொல்வேன். உள்ளே முட்டை இருந்தால், ஊற்றிய பாலுக்கு எறும்பு மொய்க்கும். கும்பிட்டுவிட்டு வந்தாலே போதும்.

முட்டையை அடையாளம் காண்பது எப்படி? பல்லி முட்டை உருண்டையாக, கடினமான ஓட்டோடு, பட்டாணி அளவில் இருக்கும். அதைப் பார்த்து என்னை நள்ளிரவில் கூப்பிட்டவர்கள் உண்டு, அதில் எனக்கு வருத்தமில்லை. பாம்பு முட்டை நீள்வட்டமாக, வெள்ளையாக, தோல்போல மெத்தென்று இருக்கும். பல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாகக் கிடக்கும். எந்தப் பாம்பின் முட்டை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கடினம். சாரையின் முட்டையும் நல்ல பாம்பின் முட்டையும் எனக்கே குழப்பும்.

ஆகவே முட்டையைப் பார்த்ததும் முதலில் செய்ய வேண்டியது, பின்வாங்குவது. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் முட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் வழக்கமுள்ளவை. முட்டையை எடுத்தவர் வீட்டைத் தேடித் தாய் வரும் என்பது பொய். ஆனால் முட்டைக்கு அருகில் கை வைத்தால் சீறவும் கொத்தவும் அது தயங்காது. செங்கல்லை மேற்கொண்டு நகர்த்த வேண்டாம். வந்த வழியே திரும்பி, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ தகவல் சொல்லுங்கள்.

நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்லியாக வேண்டும். வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், இடிக்கப்போகும் சுவரடியிலிருந்து பதினான்கு முட்டைகளை எடுத்து ஒரு வாளியில் போட்டுக் கொண்டுவந்தேன். வண்டி குலுங்கியது, முட்டைகள் உருண்டன. இரண்டரை மாதம் காத்திருந்தும் ஒன்றுகூடப் பொரியவில்லை. எனக்குப் பாம்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஓர் இருளர் அம்மா. அவரிடம் போய் அழுதேன். "கோழி முட்டைன்னு நினைச்சியா கண்ணு? இதுக்கு மேல் கீழ் உண்டு" என்றார். கோழி தன் முட்டையைப் புரட்டிப் புரட்டி அடைகாக்கும். பாம்பு முட்டையில் கரு உட்புறமாக மேலே ஒட்டிக்கொள்கிறது. பிறகு புரட்டினால் உள்ளே இருக்கும் உயிர் மூச்சடைத்துப் போகலாம். அன்றிலிருந்து, வேறு வழியில்லாமல் முட்டையை எடுக்க நேர்ந்தால், பென்சிலால் ஒவ்வொன்றின் உச்சியிலும் புள்ளி வைத்துவிட்டுத்தான் தொடுகிறேன். ஒட்டியிருப்பதைப் பிரிப்பதில்லை. அதற்கடுத்து வனத்துறை சொல்லி எடுத்த 22 முட்டைகளில் 19 பொரிந்தன.

இதைப் படித்துவிட்டு நீங்களும் முயல வேண்டாம். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் இந்தப் பாம்புகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் கொல்வதும் குற்றம்.

'விஷத்துக்காகப் பண்ணையில் பெருக்குகிறார்கள்'

பள்ளிகளுக்குப் பேசப் போனால் தவறாமல் வரும் கேள்வி இது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. அங்கே இனப்பெருக்கம் செய்வதில்லை. உறுப்பினர்கள் அரசு அனுமதித்த எண்ணிக்கைக்குள் வயல்வெளிகளில் பாம்பு பிடித்து வருவார்கள். சில வாரங்கள் பானைகளில் வைத்து, இடைவெளி விட்டு விஷம் எடுப்பார்கள். மறுபடி பிடிபட்டால் தெரிய வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து, திரும்ப விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தை மிகச் சிறிய அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துத்தான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் அந்த ஒரே மருந்துதான். அந்த இருளர் மக்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அன்று நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை.

குட்டி வெளிவரும் காலம்

கண்ணாடி விரியன் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் குட்டி போடும், முன்பின்னாகவும் நடக்கும். ஒரே ஈற்றில் இருபது முதல் நாற்பது குட்டிகள் சாதாரணம், அறுபதைத் தாண்டியதும் உண்டு. வயிறு விரிந்து வெடித்துக் குட்டி வருவதால்தான் விரியன் என்று பெயர், தாய் அத்தோடு செத்துவிடும் என்று எனக்கும் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. மெல்லிய சவ்வுப்பைக்குள் ஒவ்வொரு குட்டியாகப் பின்புறத் துவாரம் வழியே வெளிவரும், பையைக் கிழித்துக்கொண்டு உடனே ஊரத் தொடங்கும். தாய் பிழைத்திருக்கும், பின்னும் குட்டி போடும்.

முட்டையிலிருந்து வருபவை வேறு மாதிரி. சுமார் அறுபது நாளில் நல்ல பாம்புக் குட்டி மூக்கு நுனியில் இருக்கும் சிறு பல்லால் ஓட்டைக் கீறி, தலையை மட்டும் நீட்டி மணிக்கணக்கில் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும். வெளியே வந்த கையோடு படமும் எடுக்கும். ஒரு சாண் நீளமே உள்ள குட்டிக்கு அந்தப் படம் விரிவதை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அழகில் மயங்கிவிட வேண்டாம். பிறந்த கணத்திலிருந்தே விஷம் உண்டு. "குட்டிக்கு விஷத்தை அடக்கத் தெரியாது, அதனால் பெரிய பாம்பைவிட ஆபத்து" என்கிறார்கள். இன்னொரு பக்கம், "குட்டிதானே, ஒன்றும் செய்யாது" என்கிறார்கள். இரண்டும் தவறு. குட்டியின் விஷப்பை சிறியது, பெரிய பாம்பு செலுத்தும் அளவுக்கு அதனால் செலுத்த முடியாது. ஆனாலும் ஒரு குழந்தைக்கு அதுவே அதிகமாகலாம். எந்த அளவுப் பாம்பு கடித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போவது ஒன்றுதான் வழி.

கடித்தால் செய்ய வேண்டியது அதிகமில்லை. கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கையோ காலோ அசையாதபடி குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். 108ஐ அழையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, மந்திரிக்கக் கூட்டிப்போவது எதுவும் வேண்டாம். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவும் தேவையில்லை. கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் இருக்கலாம். இரவில் தரையில் படுத்தவர் வயிற்றுவலியோடு எழுந்து, இமை தொங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் ஒரு குட்டியைப் பார்த்தால் அதன் தாய் உள்ளே இருக்கிறது என்று தரையைப் பெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பாம்பு குட்டியை வளர்ப்பதில்லை. பிறந்த அன்றே ஒவ்வொன்றும் தனி வழி. கூடப்பிறந்தவை அக்கம்பக்கத்தில் இருக்கலாம், தேட வேண்டியது அவற்றைத்தான்.

அதற்கு முன், பார்த்தது விஷப்பாம்புக் குட்டிதானா என்றும் யோசியுங்கள். குளியலறையிலும் பூந்தொட்டியிலும் மண்புழுபோல மினுமினுப்பாக நெளிவது புழுப்பாம்பு. அது குட்டியல்ல, வளர்ந்ததே அவ்வளவுதான். அந்த இனத்தில் ஆணே இல்லை, பெண்கள் மட்டும் தாமாகவே முட்டையிட்டுப் பெருகுகின்றன. சுவரேறும் வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் குட்டி என்று அடிப்பதும் நிறைய நடக்கிறது. வரையனுக்குப் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால்பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்கு முன்பக்கம் மங்கி, வால்வரை தெளிவாகப் போகும். உறுதியாகத் தெரியாவிட்டால் விஷமுள்ளது என்றே வைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள்.

போன ஆகஸ்டில் ஒரு வீட்டின் பின்புறம், பழைய ஓடுகள் அடுக்கிய இடத்தில் நல்ல பாம்பு பொரித்துவிட்டது. நான் போய் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்தபோது கீறிய முட்டைத் தோல்கள் மட்டும் பதினாறு கிடைத்தன. அன்று கையில் வந்த குட்டிகள் ஏழு. சாக்கடைக் குழாய் வாய்களுக்குக் கம்பிவலை கட்டச் சொன்னேன், கதவுக்கடி இடைவெளியில் துணியை அடைக்கச் சொன்னேன். தரையில் படுப்பவர்கள் கட்டிலுக்குப் போய்க் கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிக்கொண்டார்கள். இருட்டினால் டார்ச் இல்லாமல் யாரும் வெளியே வரக்கூடாது என்பது அந்த வீட்டுப் பாட்டியின் உத்தரவு. அடுத்த மூன்று வாரங்களில் இன்னும் நான்கு குட்டிகளை அங்கிருந்து எடுத்தேன், அதில் ஒன்று அவர் செருப்புக்குள் சுருண்டு கிடந்தது. போடுமுன் தட்டிப் பார்த்திருக்கிறார். யாரும் அடிக்காமல் என்னைக் கூப்பிட்டார்கள். மீதி ஐந்தும் வேலியைத் தாண்டி வயல்பக்கம் போயிருக்க வேண்டும். ஓடுகள் இருந்த இடத்தை அவர்கள் காலி செய்துவிட்டார்கள். பாட்டி இன்றைக்கும் செருப்பைத் தட்டிவிட்டுத்தான் போடுகிறார்.